நன்றி சம்பளப் பேரேட்டில் இருக்க வேண்டும்

(மும்பையில் நடந்த நமது சங்க ஆண்டு விழாவில், பாராட்டுப் பெற்ற தோல்பொருள் பட்டறை உரிமையாளர் ஆற்றிய ஏற்புரை)

 

எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள், வெறுங்கையோடு வந்து சொந்தக் காலில் நின்றவன் என்று என்னைப் பாராட்டினார்கள். அன்பின் மிகுதியால் சொன்னார்கள். ஆனால் கணக்கு அப்படி இல்லை. 1986-ல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எனக்குத் தாராவியில் படுக்க இடம் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். ஒரே அறையில் பதினொரு பேர் முறைவைத்துத் தூங்கினோம். காசில்லாத மாதங்களில் கடனுக்குச் சோறு போட்டவர் மெஸ் நடத்திய ஆச்சி. தோல் வெட்டக் கற்றுக் கொடுத்தவர் மராத்தி பேசும் மேஸ்திரி. முதல் இரண்டு தையல் மிஷின்கள் தாய்மார்கள் பிடித்த சீட்டுப் பணத்தில் வந்தவை. இத்தனை பேர் தோளில் நின்றவனைச் சொந்தக் காலில் நின்றவன் என்று சொல்லலாமா?

தோழர்களே! முன்னேறிய பிறகு பணிவோடு இருப்பது எது? கைகூப்பிப் பேசுவதா? கோயில் கொடைக்கு ஆயிரக்கணக்கில் எழுதி, நோட்டீசில் பெயர் போட்டுக் கொள்வதா? அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நன்றி முதலில் இருக்க வேண்டிய இடம் நம் பட்டறையின் சம்பளப் பேரேடு.

ஒரே ஒரு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கிராச்சுவிட்டி என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு வேரே நன்றி என்பதுதான். தமிழில் பணிக்கொடை என்கிறோம். கொடை என்றதும் முதலாளி மனமிரங்கிக் கொடுப்பது என்று பலர் நினைத்துவிட்டார்கள். அது கொடையல்ல, கடன். 1972-ல் அதற்குச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தில் இருக்கிறது. அடிப்படை மாறவில்லை. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், 5 ஆண்டு உழைத்த நிரந்தரத் தொழிலாளி விலகும்போது, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் அவருக்குச் சேர வேண்டும். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. 20,000 ரூபாய் வாங்குகிறவர் 12 ஆண்டு உழைத்திருந்தால், ஏறத்தாழ 1 லட்சத்து 38 ஆயிரம் ரூபாய்.

"எங்கள் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது" என்று சிறு முதலாளிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் சிறு முதலாளிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இதே சம்பளக்காரருக்காக மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக எடுத்து வைத்தால் போதும். சம்பளம் ஏறும்போது அதையும் ஏற்ற வேண்டும். கடைசியாக வாங்கும் சம்பளத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள். மாதாமாதம் ஒதுக்குகிறவனுக்குப் பாரம் தெரியாது. ஒதுக்காதவன்தான் கடைசி நாளில் தொழிலாளியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக் கொள்கிறான்.

ஜம்ஷெட்ஜி டாட்டா 1877-ல் நாக்பூரில் எம்பிரஸ் மில்லைத் திறந்தார். அங்கே 1886-ல் ஓய்வூதிய நிதியும், 1895-ல் விபத்து இழப்பீடும் ஏற்பட்டன. இந்த நாட்டில் விபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்ததோ 1923-ல்தான். பெருமுதலாளியைப் போற்றிப் பாட நான் வரவில்லை. இந்த மும்பையில் தொழிலாளி வாரம் ஒரு நாள் ஓய்வு பெற்றதே லோகண்டே போன்றவர்கள் திரட்டிய போராட்டத்தால்தான். நான் கேட்பது இவ்வளவே. சட்டம் பிறக்கும் முன்பே ஒருவரால் செய்ய முடிந்தது. சட்டம் வந்து ஐம்பது ஆண்டு கடந்த பிறகும் நம்மால் முடியாதா?

இன்னொன்றும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். 1966-ல் சிவசேனை தோன்றியபோது, அதன் முதல் கோபம் தென்னாட்டவர் மீதுதான் பாய்ந்தது. வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்றார்கள். நம் வேட்டியையும் லுங்கியையும் கேலி செய்தார்கள். அந்த வடு நம் பெரியவர்கள் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. இன்று நம் பட்டறைகளில் தைப்பவர்கள் யார்? பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பெட்டியோடு வந்த பிள்ளைகள். அவர்களும் மிஷினுக்குப் பக்கத்திலேயே படுக்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களை நம்மவர் சிலர் "ஏ பையா" என்று ஏளனமாகக் கூப்பிடும்போது, அன்று நம்மை ஏசிய குரல்தான் என் காதில் விழுகிறது. ஏச்சுக் கேட்டவன் ஏசலாமா? வந்த வழியை மறந்தவனுக்கு இருக்கிற வழியும் நிலைக்காது.

ஆகவே இந்த மேடையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சங்கத்தில் பட்டறை, கடை, ஓட்டல் நடத்தும் உறுப்பினர் பலர் இருக்கிறோம். அடுத்த மாதத்துக்குள் நம்மிடம் வேலை பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும், எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன சம்பளம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுப்போம். அந்தத் தேதி தாளில் இல்லாததால்தான் எத்தனையோ பேர் பல ஆண்டு உழைப்பை மெய்ப்பிக்க முடியாமல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

இனி எவருக்கும் பொன்னாடை போர்த்தும் முன், அவருடைய தொழிலாளியிடம் அந்தக் கடிதம் இருக்கிறதா என்று சங்கம் கேட்கட்டும். முதலில் என்னிடமிருந்தே கேட்கத் தொடங்குங்கள். என் பட்டறைக் கதவு திறந்தே இருக்கிறது.