உழவர் குழுவுக்கும் ஒரு மண் பரிசோதனை

(உழவர் உற்பத்தியாளர் குழு நிர்வாகிகளுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேச வேண்டிய உழவியல் ஆசிரியர், குழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் தனியாக நின்று இடுபொருளை மலிவாக வாங்கவும் முடிவதில்லை. விளைந்ததை நல்ல விலைக்கு விற்கவும் முடிவதில்லை. அதற்காகவே குழுக்கள் ஏற்பட்டன.

தமிழ்நாட்டில் 2017-18ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தின் கீழ், 20 உழவர்கள் சேர்ந்து ஓர் உழவர் ஆர்வலர் குழுவாகவும், அத்தகைய ஐந்து குழுக்கள் சேர்ந்து 100 பேர் கொண்ட ஓர் உழவர் உற்பத்தியாளர் குழுவாகவும் அமைக்கப்பட்டன. பண்ணைக் கருவிகள் வாங்க ஒவ்வோர் உற்பத்தியாளர் குழுவுக்கும் 5 இலட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020இல் தொடங்கியது. அதில் ஒரு நிறுவனத்திற்கு நிர்வாகச் செலவுக்காக மூன்று ஆண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் வரை உதவியும், ஐந்து ஆண்டுகள் உடனிருந்து வழிகாட்டும் உதவியும் வகுக்கப்பட்டன.

இவ்வுதவிகளின் தொகையைக் காட்டிலும் அவற்றின் காலவரையறையே நாம் கவனிக்க வேண்டியது. நாற்றங்காலிலேயே விட்ட நாற்று விளைச்சல் தராது; பறித்து நட வேண்டிய நாள் வந்தே தீரும். அந்நாளில் வேர் பிடிக்காத குழு பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். அதனால் முடங்குவது அரசுப் பணம் மட்டுமன்று. நீங்கள் கைப்பணத்திலிருந்து கொடுத்த பங்குத் தொகையும் முடங்கும். இன்னொரு முறை ஒன்று சேரலாம் என்று யாராவது அழைத்தால், ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே உதவி இருக்கும்போதே குழுவின் நிலையை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

குழுவைச் சோதிப்பது எதற்காக?

மண் பரிசோதனை செய்வது மண்ணுக்கு மதிப்பெண் போடுவதற்காக அன்று. எந்தச் சத்து குறைகிறது, எதை எவ்வளவு இட வேண்டும் என்று அறிவதற்காகவே செய்கிறோம். குழுவை மதிப்பிடுவதும் அவ்வாறே இருத்தல் வேண்டும். அலுவலகத்திற்கு அனுப்புவதற்காக நிரப்பிய படிவம் கோப்பில் தூங்கும். குழு தனக்காகப் போட்ட கணக்குத்தான் குழுவைத் திருத்தும்.

மண் மாதிரி எடுக்கும்போது வரப்போரம், வாய்க்கால் ஓரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கிறோம். வயல் முழுவதும் பல இடங்களில் எடுத்துக் கலக்கிறோம். தலைவரையும் செயலாளரையும் மட்டும் கேட்டு ஒரு குழுவை மதிப்பிடுவது, எருக்குவியல் மண்ணை ஆய்வுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். கடைமடையில் நிலம் வைத்திருப்பவர், குத்தகைக்கு உழுபவர், பெண் உறுப்பினர், மூன்று கூட்டங்களாக வராதவர் ஆகியோரையும் கேட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

எவற்றை அளக்க வேண்டும்?

இதற்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் நல்ல வழி காட்டியுள்ளன. அக்குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தை நபார்டு வங்கி 1992இல் 500 குழுக்கள் என்ற இலக்குடன் தொடங்கியது. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்தல், முறையான கணக்கு என்ற ஐந்தும் குழுவின் தரம் பார்க்கும் பஞ்ச சூத்திரம் ஆயின. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் பதிவேட்டைப் புரட்டி இவற்றைச் சரிபார்க்கலாம். அந்த எளிமையே அதன் சிறப்பு.

உழவர் குழுவுக்குக் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகள் போதுமானவை.

1. கூட்டம் குறித்த நாளில் நடக்கிறதா? பாதிப் பேருக்கு மேல் வருகிறார்களா?

2. வரவு செலவு ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கப் படிக்கப்படுகிறதா? கையிருப்பும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா?

3. முடிவுகளைக் கூட்டம் எடுக்கிறதா, இரண்டு மூன்று பேர் எடுக்கிறார்களா?

4. குழுவின் கருவியும் இடுபொருளும் எல்லா உறுப்பினருக்கும் முறைப்படி கிடைக்கின்றனவா?

5. குழுவில் சேர்ந்ததால் உறுப்பினரின் செலவு குறைந்ததா, விற்பனை விலை கூடியதா?

ஐந்தாவது கேள்வியைத்தான் பல குழுக்கள் கேட்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேர் உள்ள குழு ஒரு பவர் டில்லர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "இயந்திரம் வாங்கினோம்" என்று அறிக்கையில் எழுதலாம். அது செய்த வேலை. அந்த இயந்திரம் ஆண்டில் 300 மணி நேரம் ஓடி, வெளி வாடகையைவிட மணிக்கு 100 ரூபாய் குறைந்தால், உறுப்பினருக்கு மிச்சம் 30,000 ரூபாய். இது கிடைத்த பலன். அந்த 300 மணி நேரமும் 20 பேர் வயலிலேயே ஓடியிருந்தால், மற்ற 80 பேருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இதற்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டும், தேதி, பெயர், மணி நேரம், வாடகை என்ற நான்கு பத்திகளுமே.

பலனை அளப்பதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் குழுவில் இல்லாதவருக்கும் நன்றாகவே விளையும். ஆகவே புதிய இரகத்தைச் சோதிக்கும்போது பக்கத்தில் பழைய இரகத்தையும் விதைத்து ஒப்பிடுவது போல, உறுப்பினர் பெற்ற விலையையும் உறுப்பினரல்லாதவர் அதே வாரத்தில் பெற்ற விலையையும் அருகருகே எழுதுங்கள். அந்த வித்தியாசமே குழுவின் பலன் என்று கொள்ளத்தக்கது. அது ஒன்றுமில்லை என்றால், அதையும் கூட்டத்தில் சொல்லிவிடுதல் நல்லது.

மதிப்பிடும் முறை

ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் வாய் மூடிய ஒரு கலயம் வையுங்கள். உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சென்று, தம் மனத்திற்குப் பட்டபடி 0 முதல் 4 வரை புளியங்கொட்டைகள் போடட்டும். யார் எத்தனை போட்டார் என்பது தெரியக் கூடாது. வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவரும் கொட்டையைப் போடத் தயங்கமாட்டார். மொத்தக் கொட்டைகளை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் மதிப்பெண் வந்துவிடும். 18 பேர் 45 கொட்டைகள் போட்டிருந்தால் மதிப்பெண் 2.5.

மதிப்பெண்ணைவிட அதன் பின் நடக்கும் பேச்சு முக்கியமானது. தலைவர் 4 என்று எண்ணிய இடத்தில் குழு 1 என்று சொன்னால், அது ஏன் என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். பிறகு மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒன்றை அல்லது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் திருத்த முயன்றால் ஒன்றும் திருந்தாது. ஆறு மாதம் கழித்து அதே கேள்விகள், அதே கலயங்கள்.

துணை நிற்பவர் எப்படி இருக்க வேண்டும்?

குழுக்களுக்கு வழிகாட்டத் துறை அலுவலர்களும் தொண்டு நிறுவனப் பணியாளர்களும் வருகிறார்கள். வகுப்பெடுப்பது வேறு, துணை நின்று பழக்குவது வேறு. சிலம்ப வாத்தியார் தாமே கம்பு சுற்றிக்கொண்டிருந்தால் மாணவன் கை பழகாது. குழுவின் கணக்கை எழுதுவது, வங்கிக்குப் போவது, வியாபாரியிடம் பேசுவது ஆகிய அனைத்தையும் பணியாளரே செய்தால், அவர் மாறுதலாகிப் போகும் நாளில் குழுவும் நின்றுவிடும்.

இதில் இந்தோனேசியாவின் பட்டறிவு குறிப்பிடத்தக்கது. அங்கு நெல்லில் புகையான் பெரும் சேதம் விளைவித்தபோது, அளவு மீறிய பூச்சிமருந்து இயற்கை எதிரிகளைக் கொன்று புகையானைப் பெருக்கியது தெரியவந்தது. 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஏறத்தாழ 25 உழவர்கள் பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடி, பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணி, படம் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று விவாதித்துத் தாங்களே முடிவெடுத்தனர். "இது என்ன பூச்சி?" என்று உழவர் கேட்டால், வழிகாட்டி உடனே பெயரைச் சொல்வதில்லை. "எங்கே பிடித்தீர்கள்? அது என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். அப்படிக் கண்டறிந்தது மறக்காது.

குழுவிலும் இம்முறையே பயன் தரும். "இப்படிச் செய்யுங்கள்" என்பதற்கு முன் "இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? எங்கே தடைப்பட்டது?" என்று கேட்பவரே நல்ல துணை. உங்கள் குழுவுக்கு வருபவரிடம், முதல் ஆண்டு அவர் செய்து காட்டவும், இரண்டாம் ஆண்டு உடன் இருந்து நீங்கள் செய்யவும், மூன்றாம் ஆண்டு நீங்களே செய்து அவர் பார்வையிடவும் ஒரு கால அட்டவணை கேளுங்கள்.

நிறுவனமாகும்போது

குழுக்கள் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்தபின் பொறுப்பு கூடுகிறது. அங்கே எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உழவர் ஒருவருக்கு ஒரே வாக்கு. ஆண்டுப் பொதுக்கூட்டமும் கணக்குத் தணிக்கையும் கட்டாயம். ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யத் தவறினால், ஒவ்வொரு படிவத்திற்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அது உங்கள் பங்குத் தொகையிலிருந்துதான் கரையும். ஆகவே "தாக்கல் ஆயிற்றா?" என்பதை உங்கள் நிறுவனத்தின் ஆறாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உழவர் பெருமக்களே, பயிர் வாடியபின் மண்ணைச் சோதிப்பதைவிட, விதைக்கும் முன் சோதிப்பதே அறிவுடைமை. வரும் மாதக் கூட்டத்தில் ஐந்து கலயங்களையும் ஒரு படி புளியங்கொட்டையையும் தயாராக வைத்து, உங்கள் குழுவின் நிலையை நீங்களே அறிந்து பயன்பெறுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.