முகாம் வாசலில் நிறுத்தப்படும் உயிர்கள்

(இடுக்கி, பாலக்காடு எல்லைப்புறத் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. நயமக்காடு எஸ்டேட்டின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 70 பேர் மாண்டனர்; நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். கயத்தாறு வட்டாரத்தில் வேர் கொண்ட குடும்பத்தினர் பலர். நாட்கள் பல கழிந்தபின், ஆற்றில் சிக்கிக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையின் உடலை அடையாளம் காட்டியது அவ்வீட்டு நாய் குவி. நாடே அதனைப் போற்றியது.

அந்தப் போற்றுதலில் ஒரு கேள்வி அமுங்கிப் போயிற்று. வீடிழந்த தொழிலாளி தன் நாயையும் ஆட்டையும் மாட்டையும் எங்கே கொண்டு செல்வார்? குவிக்கு வழி பிறந்தது. போலீஸ் நாய்ப்படை அதனைப் பராமரித்தது. பின்னர் 2021இல், உயிர் பிழைத்த மூதாட்டியிடமே ஒப்படைத்தது. செய்தியில் இடம்பெறாத பிராணிகளுக்கு எந்தப் படையும் வருவதில்லை.

லயத்தின் கூரை தொழிலாளிக்குச் சொந்தமன்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. கூரையைக் காப்பதற்காகவே படித்த பிள்ளை கொழுந்து பறிக்கப் போகும் குடும்பங்களைத் தோழர்கள் அறிவர். பிள்ளையும் வராத வீட்டில், ஓய்வு பெற்றவர் மூட்டை கட்ட வேண்டும். தொழுவமும் கம்பெனி நிலத்தில்தான் நிற்கிறது. 2022 அக்டோபர்த் தொடக்கத்தில் இதே நயமக்காட்டில் தொழுவத்துக்குள் புகுந்த புலி 10 மாடுகளைக் கொன்றபோது தொழிலாளர்கள் சாலையை மறித்ததற்குக் காரணம் உண்டு. பால் காசு அவர்களுக்கு இரண்டாவது கூலி. பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது. மறுவாழ்வுத் திட்டம் எதுவாயினும், மாடு கட்ட இடமுண்டா என்று கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை.

2018 வெள்ளத்தில் திருச்சூர்ப் பெண் ஒருவர் தம் 25 நாய்களை விட்டுப் படகில் ஏற மறுத்தார். பின்னர் நாய்களுடனேயே மீட்கப்பட்டார். இதைப் பிடிவாதம் என்று சிரித்தவர்கள் உண்டு. 2005இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவிலும் பலர் இதே காரணத்தால் வெளியேற மறுத்தனர். அதன்பின் 2006இல், மீட்புத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என அங்கு சட்டம் வந்தது. முதலாளித்துவ அரசே இறங்கி வந்த இடம் அது!

பேரிடர் இல்லாத நாளிலும் நிலைமை வேறல்ல. நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி என மனிதரைக் கணக்கிடுகிறது. ரயில் நிலைய ஓரத்தில் உறங்குபவருக்கு அருகில் படுத்திருக்கும் நாய்தான் இரவுக் காவல்; குறிப்பாகத் தனித்த பெண்களுக்கு. அதை விட்டுவிட்டு வா என்றால் அவர் வரமாட்டார். வராதவரைப் பற்றி, காப்பகத்தை விரும்பாதவர் என்று எழுதிக்கொள்வது அதிகாரிக்கு எளிது.

வெறிநாய்க்கடி அச்சம் இல்லையா என்று கேட்கப்படும். அந்த அச்சம் நியாயமானது. கேரளத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவேதான் வாசலிலேயே தடுப்பூசி, தனிக் கொட்டகை, கயிறு, குழந்தைகள் நெருங்காத தடுப்பு ஆகியவை வேண்டும். விரட்டப்பட்ட நாய் ஊசி போடப்படாமலே தெருவில் திரியும். மக்கள் திட்ட இயக்கக் காலத்திலேயே கால்நடை மருத்துவமனைகள் உள்ளாட்சிகளின் பொறுப்புக்கு வந்துவிட்டன. மருத்துவரை அழைக்கத் திருவனந்தபுரத்தின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

2018 ஆகஸ்டில் சாலை அறுந்து நெல்லியாம்பதி துண்டிக்கப்பட்டது. சாலை போனபின் தீவனம் மலையேறாது. ஆகவே மே மாதத்திற்குள் ஒவ்வொரு எஸ்டேட் கிளையும் லயம் லயமாகச் சென்று மாடு, ஆடு, நாய்களைக் கணக்கெடுக்க வேண்டும். முகாமாகும் பள்ளிக்கு அருகில் கொட்டகைக்கான இடத்தைக் குறிக்க வேண்டும். தீவன இருப்புக்கான கோரிக்கையுடன் அந்தப் பட்டியலைக் கிராம பஞ்சாயத்தில் எழுத்து மூலம் கொடுத்து, ரசீது பெற்று வர வேண்டும்.