மகசூல் மதிப்பீடு: கன்னி மூலையில் தொடங்கும் கணக்கு



தை பிறந்தால் நம் பக்கத்தில் கருதறுப்புதான். அந்தச் சமயத்தில் நாலு பேர் டேப்பும் கயிறும் முளைக்குச்சியுமாக உங்கள் ஊர் வயலில் இறங்குவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். காப்பீட்டுப் பணம் ஊருக்கு எவ்வளவு வரும் என்பது பெரும்பாலும் அந்த அரைநாள் வேலையில் முடிவாகிவிடுகிறது. ஆகையால் அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஊரிலுள்ள வயலையெல்லாம் அறுத்து நிறுக்க முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் பானைக்குள் எல்லா அரிசிக்கும் ஒரே தண்ணீர், ஒரே தீ. வயக்காடு அப்படியா? கண்மாய் மடைக்குப் பக்கத்துச் செய் ஒரு மாதிரி, கடைமடை ஒரு மாதிரி, கடலோரத்து உவர் நிலம் இன்னொரு மாதிரி. எந்தச் சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இதற்கு விடை தேடியவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் ஒரு பௌதிகப் பேராசிரியர். வங்காளத்துச் சணல் பயிரை மாதிரி எடுத்துக் கணக்கிடும் வேலையை 1937-ல் ஆரம்பித்தார். அதே சித்தாந்தத்தை வைத்துத்தான் 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு குடும்பச் செலவையும் கணக்கிட்டது. சணலுக்கும் சமையற்கட்டுச் செலவுக்கும் ஒரே கணக்கு! வயலை மனுஷன் பொறுக்கக்கூடாது. குலுக்கல் சீட்டு மாதிரி எண் வந்து பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கிய வயல் ஒன்றுக்குப் பதில் நான்கு என்றால், பிழை பாதியாகக் குறையும்.

அறுக்கிற துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று 1940-களில் பெரிய வாதமே நடந்தது. சின்னத் துண்டு போதும் என்றார் மகலனோபிஸ். சின்னத் துண்டு மகசூலைக் கூட்டிக் காட்டும் என்று எடுத்துக்காட்டினார் சுகாத்மே. காரணம் வேடிக்கையானது. ஓரத்தில் நிற்கும் தூர் உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால், அறுக்கிற கை உள்ளேதான் இழுக்கும்! ஒரு மீட்டர்ச் சதுரத்தில் 1 சதுர மீட்டருக்கு 4 மீட்டர் ஓரம். ஐந்து மீட்டர்ச் சதுரத்தில் 25 சதுர மீட்டருக்கே 20 மீட்டர் ஓரம்தான். நெல்லுக்கு நாம் ஐந்துக்கு ஐந்து அளப்பதன் நியாயம் இதுவே.

வயலின் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், நின்று, எண் சொல்கிற தூரம் நீளத்திலும் அகலத்திலும் அளந்து முளை அடிப்பார்கள். அந்தச் சதுரம் ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. 5 கிலோ கிடைத்தால் ஹெக்டேருக்கு 2,000 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 810 கிலோ. அரைக் கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 200 கிலோ பிசகும்.

2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியில் ஒரு சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைக்கிறார்கள். அது 2,000 கிலோ, இந்த வருஷம் ஊர்ச் சராசரி 1,500 கிலோ என்றால், காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 25 வரும். உங்கள் வயல் மட்டும் தனியே கணக்கில் வராது.

அந்த 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொண்டிக்கு மேற்கே ஓர் ஊர். நாலு வயலில் ஒன்றில் புள்ளி சாவியாகிப்போன திட்டில் விழுந்தது. வயல்காரப் பெரியவர், "இங்க அறுக்க என்ன தம்பி இருக்கு? அந்தப் பக்கம் கொஞ்சம் கருது நிக்குது, அங்க போடுங்க" என்றார். நாலு பேர் பார்க்க வெறும் சாக்கை உதறுவதா என்ற கூச்சம் அவருக்கு. நானும் முளையைப் பிடுங்கி நகர்த்தினேன். ஏறக்குறைய பூஜ்யம் எழுத வேண்டிய இடத்தில் 6 கிலோ எழுதினேன். நாலால் வகுத்தால் ஒன்றரைக் கிலோ. ஹெக்டேருக்கு 600 கிலோ! பக்கத்து ஊருக்கு வந்ததைவிட அந்த ஊருக்குக் குறைவாகத்தான் பணம் வந்தது. பெரியவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

சாவியான மூலையாகப் பார்த்துக் காட்டி "இங்கதான் போடணும்" என்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம் ஐயா. இன்றைக்குக் குறைத்து எழுதினால், பின்வரும் ஆண்டுகளின் உத்தரவாத மகசூலும் இறங்கிப்போகக்கூடும்.

அறுவடைப் பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் வேலையை ஒதுக்கிவிட்டு வயலுக்கு வாருங்கள். எண் என்ன என்று கேளுங்கள். தராசு முள்ளை நீங்களே பார்த்த பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். புள்ளி உவர்த் திட்டில் விழுந்தாலும், செழித்து நிற்கிற இடத்தில் விழுந்தாலும், முளையை அங்கேயே அடிக்கச் சொல்லுங்கள்.