சாடியிலா, டியூபிலா? நாட்டுக்கு நாடு மாறும் கடுகு

கடுகை முழுசாக விழுங்கினால் நாக்கு எதையும் உணர்வதில்லை. கடித்து எச்சிலில் ஊறவிட்டால்தான் சுரீரென்று ஏறும். விதைக்குள் காரத்தின் மூலப்பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறோரிடத்திலும் பிரிந்து கிடக்கின்றன. விதை நொறுங்கி ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. காய்ந்த எண்ணெயில் நொதி செயலிழந்துவிடும். தாளித்த கடுகு மணக்குமே தவிர உறைக்காததற்குக் காரணம் இதுதான். அதே கடுகைப் பச்சையாக அரைத்துவிட்ட வெள்ளரிக்காய்ப் பச்சடியில் நெடி இருக்கும். ஆவக்காய் ஊறுகாயில் இன்னும் நன்றாகத் தெரியும். மேலைநாட்டு மேசைகளில் இருக்கும் கடுகு விழுது பெரும்பாலும் இந்தப் பச்சை அரைப்பின் வழிவந்ததுதான்.

விதையில் மூன்று இனங்கள் உண்டு: கருங்கடுகு, பழுப்புக் கடுகு, வெண்கடுகு. முதல் இரண்டின் காரம் ஆவியாகி மூக்கில் ஏறும். வெண்கடுகின் காரம் எளிதில் ஆவியாகாது, நாக்கோடு நின்றுவிடும். எந்த நாட்டில் எவ்வளவு கடுகு ஊற்றிக்கொள்ளலாம் என்பதை இந்த ஒரு வேறுபாடே பெரிதும் தீர்மானிக்கிறது. ஊற்றும் கலனும் அதை ஒட்டியே அமைந்திருக்கிறது.

அமெரிக்க மஞ்சள் கடுகு வெண்கடுகும் வினிகரும் சேர்ந்தது. அதன் பளிச்சென்ற நிறம் கடுகுடையது அன்று, நம் வீட்டு மஞ்சள்தூளுடையது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியையொட்டி ஃப்ரெஞ்ச்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த வகை, ஹாட் டாக்கோடு நாடெங்கும் பரவியது. காரம் மென்மையானது என்பதால் பிதுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிறது. ரொட்டியின் நீளத்துக்கும் கோடிழுத்தாலும் கண்ணில் நீர் வராது.

அதே கையோடு இங்கிலாந்தின் கடுகைத் தொட்டால் தொல்லைதான். 1814இல் நாரிச் பகுதியில் தொடங்கிய கோல்மன்ஸ் நிறுவனத்தின் தூளில் பழுப்புக் கடுகும் வெண்கடுகும் கலந்திருக்கும்; மூக்கும் நாக்கும் சேர்ந்தே எரியும். பழைய ஆங்கில மேசைகளில் இதற்கெனச் சிறு வெள்ளிக் கிண்ணமும் அதைவிடச் சிறிய கரண்டியும் இருந்தன. விழுது பட்டால் வெள்ளி அரிக்கும் என்பதால் கிண்ணத்துக்குள் நீலக் கண்ணாடிக் குடுவை பதித்தார்கள். கரண்டியின் அளவுதான் பரிமாறும் அளவு. தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் தொட்டுக்கொள்வதே சரியான முறை.

பிரான்சின் டிஜோன் கடுகுக்குப் பழுப்பு அல்லது கருங்கடுகை அரைத்து உமியைச் சலித்தெடுக்கிறார்கள். வினிகருக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் புளிப்புச் சாற்றை 1856இல் ழான் நேழோன் என்பவர் சேர்த்ததிலிருந்து அதன் புகழ் வளர்ந்தது. டிஜோன் என்ற பெயர் இன்று ஊரைக் குறிப்பதில்லை, செய்முறையையே குறிக்கிறது. எந்த நாட்டிலும் செய்து அந்தப் பெயரில் விற்கலாம். விதையில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வருகிறது. 2021இல் அங்கே வறட்சி வந்தபோது, மறு ஆண்டு பிரெஞ்சுக் கடைகளில் கடுகு அலமாரிகள் காலியாயின. மண்ணோடு தொடர்புள்ள கடுகு வேண்டுவோர் புர்கோன் கடுகு என்ற பெயரைத் தேடுவது நல்லது. 2009 முதல் புவிசார் பாதுகாப்பு பெற்ற அதில் புர்கோன் பகுதியில் விளைந்த விதையும் அங்கத்து வெள்ளை ஒயினும் சேர்கின்றன. பிரெஞ்சு வீடுகளில் கடுகு வரும் கண்ணாடிச் சாடி தீர்ந்தபின் தண்ணீர் டம்ளராகிவிடும். மாய் என்ற கடுகு நிறுவனத்தின் கடைகளில் குழாயைத் திருப்பிப் புதுக் கடுகைப் பீங்கான் சாடியில் பிடித்துத் தருகிறார்கள். சாடியைத் திருப்பிக் கொண்டுபோனால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். இதைவிட அழகான விற்பனை முறை கடுகுக்கு இல்லை.

ஜெர்மனியில் கடுகு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இனிப்பா, காரமா என்பதைத்தான். 1854இல் மியூனிக்கில் டெவெலை என்பவர் செய்த இனிப்புக் கடுகு, சர்க்கரை சேர்த்த கரகரப்பான விழுது. பவேரியாவின் வெள்ளைத் தொத்திறைச்சிக்கே உரியது. பற்பசை போன்ற டியூபில் வருவது பெரும்பாலும் காரவகை. சில தெருக்கடைகளில் பசுவின் மடிபோலத் தொங்கும் கலனின் காம்பைப் பிதுக்கிக் கடுகு எடுப்பார்கள்.

ஜப்பானின் கராஷிதான் மிகுந்த கவனம் வேண்டுவது. பழுப்புக் கடுகுத் தூளை வெதுவெதுப்பான நீரில் குழைப்பது வழக்கம். வினிகர் இல்லாததால் காரம் வெறியோடு எழும், விரைவில் தணிந்தும் போகும். ஆகவே சிறு டியூபிலும், ஒரு வேளைக்கான பொட்டலத்திலும் விற்கிறார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த தொத்திறைச்சிக்கு வேறொரு பொட்டலம் தருவார்கள்: ஒரு பக்கம் கெட்சப், மறுபக்கம் கடுகு. ஒரு கையால் நடுவில் மடித்தால் விரிசல் விட்டு இரண்டும் ஒன்றாக வழியும். விரலில் ஒட்டாது, பல்லால் கிழிக்கவும் வேண்டாம்.

வீட்டில் கலப்போர் நினைவில் கொள்ள வேண்டியது நீரின் சூட்டையும் வினிகரின் நேரத்தையும்தான். கொதிநீர் நொதியைக் கெடுத்துவிடும், எஞ்சுவது கசப்பு. தூளைக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் குழைத்து, பத்து நிமிடம் மூடி வைத்து, காரம் உச்சத்தை எட்டியபின் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் அந்தக் காரம் அப்படியே நிற்கும். முதலிலேயே வினிகர் விட்டால் மிதமாகவே உறைக்கும். கடையில் வாங்கிய விழுது எளிதில் கெடாது. ஆனால் சாடி திறந்தபின் காரம் மெல்லப் பறந்துபோகும். இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது.

கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் ஐரோப்பாவில் பொட்டலத்தின் பொருள் பட்டியலைப் படித்தாக வேண்டும். கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று. சாலட் குழம்பு, மயோனைஸ், தொத்திறைச்சி போன்ற எதிர்பாராத பண்டங்களிலும் அது கலந்திருக்கும். தேட வேண்டிய சொல் ஆங்கிலத்தில் மஸ்டர்ட், பிரெஞ்சில் முதார்த், ஜெர்மனில் சென்ஃப்.