தாய் சேய் நலமும் நம் பங்கும்
(ஜூபிலி விழாவில் பங்குக் குருவானவர் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கொடி, தேர், விருந்து என்று நம் மனம் ஓடுகிறது. ஓடட்டும், விழாக் கமிட்டியார் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்ததை ஜெபமாலையில் தியானிக்கிற நாம், மாதா அங்கே மூன்று மாதம் தங்கியதைக் கவனிப்பதில்லை. வயதான கர்ப்பவதிக்கு ஆள் துணை வேண்டியிருந்தது, மாதா போனார்கள்.

1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவன்மார் மிஷன் டாக்டர் வீட்டுக்கு வந்தார்கள். மூவர் மனைவியருக்கும் பிரசவம் தடைப்பட்டிருந்தது. ஆண் டாக்டர் வேண்டாம், மகள் வரட்டும் என்றார்கள். மகளோ வைத்தியம் படித்தவரல்ல. விடிவதற்குள் மூன்று தாய்மாரும் மரித்தார்கள். அந்த மகள்தான் பிற்பாடு அமெரிக்காவில் படித்துத் திரும்பி, வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கட்டர்.

அவர் பிராட்டஸ்டண்ட் சபையார். நம் பக்கம் எப்படி? கன்னியர் பிரசவம் பார்க்கலாகாது என்பதே அன்றைய நம் திருச்சபைச் சட்டம். மெல்போர்ன் டாக்டர் மேரி குளௌரி 1920இல் குண்டூருக்கு வந்து கன்னியரானார். அவர் வைத்தியம் செய்யப் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பரின் விசேஷ உத்தரவு தேவைப்பட்டது. ராவல்பிண்டியில் தாய்மார் சாவதைக் கண்ட டாக்டர் அன்னா டெங்கல் 1925இல் தொடங்கிய மருத்துவ சகோதரிகளோ, பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்க முடியாமல் காத்திருந்தார்கள். 1936 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்றுதான் ரோமாபுரி வழிவிட்டது. திண்டிவனத்தில் வீட்டுக் கட்டுப்பாடு, நம்மிடத்தில் சட்டம்; தூரம் மாத்திரமே தாய்மாரைக் கொல்வதில்லை.

இன்று 108 வண்டி இருக்கிறது. 2008 முதல் கட்டணமில்லாமல் ஓடுகிறது. முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைத் தாய்க்கு 18,000 ரூபாய் உதவி உண்டு. 2018-20 கணக்கில், ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, நம் மாநிலத்தில் 54.

சரி, நாவலூரில் மாடிக் கட்டிடங்களைக் கட்டுகிறவர்கள் யார்? ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். தகரக் கொட்டகையில் இருக்கும் அவர்களுடைய பெண்களுக்கு நம் பாஷை தெரியாது. கிராம செவிலியரைத் தெரியாது. கர்ப்பத்தைப் பதிந்து எண் வாங்கவேண்டும் என்பதும் தெரியாது. இரத்தசோகையும் இரத்தக்கொதிப்பும் வெளியே தெரியாமல் முற்றும். முகம் வீங்கி, தலை வலித்து, கண் மங்கினால் அது வெயிலின் களைப்பு அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தாலும், கூடப்போக ஆளில்லாதவளுக்கு அது வேலூர் தூரம்.

ஆகவே ஜூபிலியை முன்னிட்டு ஒரு காரியம் கேட்கிறோம். மரியாயின் சேனையாரும் மாதர் சங்கத்தாரும் இருவர் இருவராக இந்தக் கொட்டகைகளுக்குப் போகவேண்டும். கர்ப்பவதி இருந்தால் செவிலியரிடம் அழைத்துப்போய்ப் பதிய வேண்டும். அடுத்த மாதமும் போகவேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு முடிக்கும்வரை போகவேண்டும். மதம் கேட்க வேண்டாம், ஜெபப் புத்தகம் கொடுக்க வேண்டாம். வண்டிச் செலவு வின்சென்ட் தே பவுல் சபையார் பொறுப்பு.

ஞாயிறு பூசை முடிந்ததும் பெயர் கொடுங்கள். கொஞ்சமாவது இந்தி தெரிந்த வாலிபப் பெண்கள் முதலில் வரவேண்டும்.