பழைய கடைக் கட்டடத்தை இடிக்க ஒப்பந்தம் விடுதல்



புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டுவதில் நாம் காட்டும் உற்சாகம், பழைய கட்டடத்தை அகற்றுவதில் காணப்படுவதில்லை. இடிப்பதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும் என்று கேட்போரும் உண்டு. ஆனால் கடைவீதியில் பழுதடைந்து நிற்கும் ஊராட்சிக் கடைகளின் இருபுறமும் தனியார் கடைகள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்குமாயின், அவற்றை அகற்றுவது கட்டுவதினும் கடினமான வேலையாகும். 2017 மே மாத இறுதியில் சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடையொன்று தீக்கிரையானதை நாம் அறிவோம். ஜூன் மாதத்தில் அதனை இடிக்கும்போது, இடிபாடு விழுந்து இயந்திரத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மாநகரில், பலர் கண்ணெதிரே நடந்த வேலையிலேயே இவ்வாறு நேர்ந்தது.

நம்மிடையே கட்டட இடிப்பு பெரும்பாலும் செலவாகக் கருதப்படுவதில்லை, வரவாகவே கருதப்படுகிறது. நிலை, கதவு, உத்திரம், இரும்புக் கம்பி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும் உரிமையை ஏலம் விடுகிறோம். கூடுதல் தொகை கேட்டவருக்கு வேலை போகிறது. தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கூடுதல் தொகை கட்டியவர் அதனை விரைவில் மீட்க விரும்புவார். மேல்தளம் நிற்கும்போதே கம்பிக்காகக் கீழ்த்தூணை உடைக்கவும் சிலர் துணிவர். விலைபோகாத அஸ்திவாரமும் செங்கற்பொடியும் நம் தலையில் விடப்படும். பின்னர் அவற்றை அகற்ற நாம் செலவிடும் பணம், ஏலத்தில் வந்த வரவை விழுங்கிவிடும்.

ஆதலின் அறிவிப்பிலேயே நிபந்தனைகளைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் நோக்கமும், யாவருக்கும் ஒரே நிபந்தனை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதேயாகும். எழுத்தில் இல்லாததைப் பின்னர் வற்புறுத்தினால் ஒப்பந்தக்காரர் சிரிப்பார். அவர் சிரிப்பதிலும் நியாயம் உண்டு.

விண்ணப்பிப்பவர் முன்பு இடித்த இடங்களுக்கு நேரில் சென்று, பக்கத்துக் கடைக்காரர்களை விசாரிப்பது எந்தச் சான்றிதழினும் மேலானது. அவர் எந்த வரிசையில் இடிக்கப்போகிறார் என்பதையும் எழுதி வாங்குவோம். கட்டிய வரிசைக்கு நேர்மாறாக, மேலிருந்து கீழாக இடித்து வருவதே முறை. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 4130 என்னும் பாதுகாப்பு நெறி இவ்வேலைக்கென்றே உள்ளது. ஒன்றியப் பொறியாளரின் துணையுடன் அதனை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். இடிபாடுகளைத் தளத்தின்மீதே குவிக்கும் பழக்கத்தைக் கட்டாயம் தடுக்க வேண்டும். ஓர் அடி உயரத்திற்குச் செங்கல் இடிபாடு பரவினாலே, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ பாரம் ஏறிவிடும். சாதாரணக் கடைத் தளம் தாங்குமாறு கணக்கிடப்படும் பயன்பாட்டுச் சுமையே ஏறக்குறைய அவ்வளவுதான். தளம் பழுதுபட்டதாயின் கேட்க வேண்டியதில்லை.

மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்ததாக எழுத்துமூலம் தெரிவித்த பின்னரே கடப்பாரை சுவரில் படலாம். அண்டைக் கடைகளின் சுவர்களில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளைப் படமெடுத்து, உரிமையாளரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் கையொப்பம் பெறுதல் பின்னால் எழும் வழக்கைத் தவிர்க்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாயின், தகடுகளை உடைக்காமல், நீர் தெளித்து நனைத்து, முழுதாக இறக்க வேண்டும். அதன் நுண்ணிழை நுரையீரலைக் கெடுக்கும். தொழிலாளர் காப்பீட்டுப் பத்திரத்தை வேலை உத்தரவு தருமுன் கண்ணால் பார்த்துவிடுவோம்.

இடிபாடுகள் ஏரிக்கும் ஓடைப் புறம்போக்கிற்கும் போவது நாம் அன்றாடம் காணும் காட்சி. பெரும் அளவில் இடிபாடு உண்டாக்குவோர் கான்கிரீட், மண், இரும்பு மரம் முதலியவை, செங்கற்காரை என நான்காகப் பிரிக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின. 2025-இல் புதிய விதிகளும் வெளியிடப்பட்டன. கொட்டும் இடத்தை ஒப்பந்தத்திலேயே குறித்து, லாரி நடைகளுக்குச் சீட்டு வைப்பது நன்று.

இவ்வளவுக்கும் முன்னதாக, அக்கடைகளில் பிழைப்பவர்களை நினைக்க வேண்டும். தையற்காரருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் ஒரு மாதம் கடை மூடினால், வாடிக்கையாளர் வேறிடம் பழகிவிடுவர். சந்தைத் திடலில் தற்காலிகக் கொட்டகை அமைத்து, புதிய கட்டடத்தில் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைத் தீர்மானமாக நிறைவேற்றிய பின்னரே காலி செய்யச் சொல்வது முறையாகும்.

ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையைக் கட்டடம் தரைமட்டமானவுடன் திருப்பித் தருதல் வேண்டா. அஸ்திவாரம் தோண்டி எடுக்கப்பட்டு, குழி மண்ணிட்டு இறுக்கப்பட்டு, பொறியாளர் பார்வையிட்டுக் கையொப்பமிடும் வரை அது ஊராட்சிக் கணக்கிலேயே இருக்கட்டும்.