காற்றின் பழங்கணக்கு



புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ஞாயிறு செல்லும் வழியையும், காற்று உலவும் திசையையும், வெறிதே நிற்கும் வானையும் அடுத்தடுத்து வைக்கிறார். வறிது என்பதற்குத் தாங்குவதொன்றும் இன்றி என்று பொருள் கொள்வார் பழைய உரைகாரர். காற்றுள்ள வெளி வேறு, அதற்கப்பாலுள்ள வெளி வேறு எனப் புலவர் பிரித்தார் என்று கொள்ளவும் இடமுண்டு. அங்கெல்லாம் போய்த் திரும்பியவரைப் போல அளவு கூறும் அறிஞரும் அப்பாட்டில் வருகின்றனர். காற்றின் வரலாற்றைக் கூறும் இன்றைய அறிஞரும் அவ்வினத்தவரே. அவர்கள் போய்த் திரும்ப இயலாத இடம் காலம். கல்லும் பனிக்கட்டியும் அவர்களுக்குத் தூது வந்தன.

புவி தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதனைச் சூழ்ந்த முதற்காற்று ஹைட்ரஜனும் ஹீலியமும். இலேசான அவ்விரண்டும் விண்ணில் கரைந்து போயின. அடுத்து வந்த காற்று புவியின் வயிற்றிலிருந்து எழுந்தது. எரிமலைகள் நீராவியையும் கரியமில வாயுவையும் நைட்ரஜனையும் கந்தக ஆவிகளையும் உமிழ்ந்தன. நீராவி குளிர்ந்து கடலாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த சிர்க்கான் மணிகளுள் மூத்தவை 440 கோடி ஆண்டுப் பழமையானவை. புவி அத்தனை இளமையிலேயே நீர் கண்டிருந்தது என்பதற்கு அவை சான்று. அன்றைய ஞாயிறோ இன்றையதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு ஒளி குன்றியது. கடல் ஏன் உறைந்து போகவில்லை என்ற வினாவை 1972இல் கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் எழுப்பினர். வெப்பத்தைச் சிறைப்படுத்தும் வாயுக்கள் அன்று மிகுந்திருந்தன என்பதே பெரும்பாலோர் தரும் விடை.

அக்காற்றில் உயிர்வளி இல்லை என்றே சொல்லலாம். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கப் பாறைகளில், பழைய ஆறுகள் உருட்டி வழவழப்பாக்கிய இரும்புக் கந்தகக் கற்கள் கிடைக்கின்றன. உயிர்வளி உள்ள ஆற்றில் அவை உருண்டிருக்குமானால் துருவாகிக் கரைந்திருக்கும். உருண்டை உருண்டையாகக் காத்துக் கிடந்திரா.

மாற்றத்தைத் தொடங்கியவை கண்ணுக்குப் புலப்படா நீலப்பச்சைப் பாசிகள். கதிரொளியைக் கொண்டு நீரைப் பிளந்து உணவு சமைத்தன. மிச்சமாக உயிர்வளியை வெளிவிட்டன. உடனே அது காற்றில் சேர்ந்துவிடவில்லை. கடலில் கரைந்திருந்த இரும்பு அதனைப் பற்றித் துருவாகிக் கடலடியில் படிந்தது. இரும்பு ஓர் அடுக்கு, மணிக்கல் ஓர் அடுக்கு என்று பட்டை பட்டையாக அமைந்த பாறைகள் உலகெங்கும் உள்ளன. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத்தாதும் அவ்வினத்தது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சித்தர் மலையென்று வலம் வருவோரின் காலடியில் கிடப்பது ஒரு பழங்கடலின் துரு. 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டை இரும்பாலையில் உருகியதும் சேலத்து வட்டாரத் தாதுவே.

ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிர்வளி காற்றிலும் தங்கத் தொடங்கியது. அதனை அறியாது வாழ்ந்த நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சு. பல அழிந்திருக்க வேண்டும். எஞ்சியவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் சேற்றிலும் விலங்கின் குடலிலும் ஒளிந்து வாழ்கின்றன. அவற்றுக்கு மொழி இருந்தால் உயிர்வளி என்ற பெயரை ஒருபோதும் ஏற்றிரா. லவாய்சியர் இட்ட ஆக்சிஜன் என்ற பெயருக்கோ புளிப்பை உண்டாக்குவது என்று பொருள். அமிலங்கள் யாவற்றுக்கும் அதுவே முதல் என்று அவர் கருதியது பின்னர்ப் பொய்த்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கவிஞர் கூர்ந்து நோக்கத்தக்க நுட்பம் ஒன்று இங்குண்டு. பாசி மட்கினால், தான் வெளியிட்ட உயிர்வளியைத் தானே திரும்ப உண்டுவிடும். வரவும் செலவும் சரியாகும். மட்காமல் சேற்றில் புதைந்த கரியின் அளவுக்கே காற்றில் உயிர்வளி மிஞ்சியது. மனிதர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் எங்கோ புதைந்து கிடக்கும் ஒரு கரித்துகளின் மறுபாதி.

உயிர்வளி மிகுந்தபின் வானில் ஓசோன் படலம் விரிந்தது; நிலத்தில் செடிகள் பரவின. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் மட்காமல் புதைந்து நிலக்கரியாகிய காலத்தில், உயிர்வளி 30 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது என்று மதிப்பிடுவர். இறகு விரித்தால் இரண்டடிக்கு மேற்பட்ட தட்டான்கள் அன்று பறந்தன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இதற்கு மிகவும் பிந்தியது. புதைந்த வகை மட்டும் ஒன்றே.

இன்றைய காற்றில் நைட்ரஜன் 78, உயிர்வளி 21 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி, 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த ஆர்கான். அதுவும் பாறையின் கொடைதான். பாறையிலுள்ள பொட்டாசியம் சிறிது சிறிதாகச் சிதைந்து ஈன்றது.

கரியமில வாயு மிகச் சிறிய பங்கு. வெப்பத்தின் கடிவாளமோ அதன் கையில். அண்டார்க்டிகாவின் பனிக்கட்டியில் சிறைப்பட்ட குமிழிகள் 8 இலட்சம் ஆண்டுக் காற்றை அப்படியே காத்து வைத்திருக்கின்றன. அந்நெடுங்காலத்தில் பத்து இலட்சம் பங்குக் காற்றில் இவ்வாயு 300 பங்கைத் தாண்டியதில்லை. ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது அது 315ஐ ஒட்டி இருந்தது. 2024இல் 420ஐக் கடந்திருந்தது. புதைத்துச் சேர்த்த கரி எரிந்து காற்றுக்குத் திரும்புகிறது. உயிர்வளியும் மிக நுண்ணிய அளவில் குறைவதைக் கருவிகள் காட்டுகின்றன. கீலிங் வரைந்த கோடு நேரே ஏறுவதில்லை. வடபாதிக் காடுகள் தளிர்த்துத் தழைக்கும் மாதங்களில் சற்றே தாழ்கிறது; இலையுதிர்ந்தபின் மீண்டும் எழுகிறது. ஒவ்வோர் ஆண்டும் தாழ்ந்ததைவிட எழுவது கூடுதல்.